மின்ட் போட்டாயிற்று, லேப்டாப் எழவில்லை: எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சரிசெய்வது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, ப்ராசஸர் பழசு என்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் பக்கம் வருகிறார்கள், பெரும்பாலும் விண்டோஸை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே போட்டுக்கொள்கிறார்கள். இன்ஸ்டால் செய்வது இப்போதெல்லாம் பெரிய வேலை இல்லை. தகராறு அதற்கு அடுத்த நிமிடத்தில்தான் வருகிறது. ரீஸ்டார்ட் கொடுத்து, பென்டிரைவைப் பிடுங்கி, எண்டர் தட்டினால் கறுப்புத் திரை, அல்லது தலையும் வாலும் புரியாத ஒரு வரி, அல்லது ஒன்றுமே நடக்காததுபோல அதே பழைய விண்டோஸ்.

இந்த இடத்தில் பலரும் செய்வது, முதலிலிருந்து மறுபடி இன்ஸ்டால் பண்ணுவது. அதை மட்டும் செய்யாதீர்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மின்ட் டிஸ்கில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருக்கும், அதை எழுப்பிவிட வேண்டிய ஏதோ ஒன்றுதான் வழியில் மக்கர் பண்ணுகிறது. மறுபடி போட்டாலும் அதே இடத்தில்தான் போய் நிற்கும். போதாக்குறைக்கு, அவசரத்தில் டிஸ்கின் வேறு பிரிவை, அதாவது வேறு பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்துவிட்டால் விண்டோஸ் பக்கம் இருந்த குடும்பப் படங்களும் போய்விடும்.

லேப்டாப் எழுவது நான்கு கட்டமாக நடக்கிறது. முதலில் மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர், அதாவது நாம் பழக்கத்தில் பயாஸ் என்று சொல்லும் யுஇஎஃப்ஐ. அது டிஸ்கில் உள்ள பூட் லோடரைத் தேடி எழுப்பும். மின்டில் அதன் பெயர் க்ரப். க்ரப், மின்டின் மையப் பகுதியான கெர்னலை எழுப்பும். கெர்னல் டிரைவர்களை எல்லாம் ஏற்றி, கடைசியில் லாகின் திரையைக் கொண்டுவரும். திரையில் என்ன தெரிகிறதோ அதை வைத்தே எந்தக் கட்டத்தில் நின்றது என்று சொல்லிவிடலாம், அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. க்ரப் மெனுவே கண்ணில் படவில்லை என்றால் கோளாறு முதல் இரண்டு கட்டங்களில். க்ரப் வந்து, அதற்கப்புறம் இருட்டு என்றால் பயாஸைக் குடைவதில் பயனில்லை, கெர்னலையும் டிரைவரையும்தான் பார்க்க வேண்டும்.

தொடங்குமுன் மூன்று விஷயம். திரையில் வரும் பிழையை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சில வரிகள் இரண்டு நொடியில் மறைந்துவிடும். இன்ஸ்டால் செய்த பென்டிரைவை அழிக்காதீர்கள், அதுதான் இனி உங்கள் பழுதுபார்க்கும் பெட்டி. மூன்றாவது, விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்க்ரிப்ஷனோ இருந்தால் அதன் 48 இலக்க ரெகவரி கீயை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் செக்யூர் பூட் (நம்பகமான பூட் லோடரை மட்டும் எழ விடும் காவல்) போன்றவற்றைத் தொட்டதும் விண்டோஸ் சந்தேகப்பட்டு அந்தக் கீயைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பார்த்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும். கணக்கின் பாஸ்வேர்டே மறந்துபோயிருந்தால், முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள், மற்றது காத்திருக்கட்டும்.

மின்டே தெரியவில்லை, நேராக விண்டோஸ் வருகிறது

இதுதான் அதிகம் பேருக்கு நடப்பது, பயப்பட ஒன்றுமில்லை. ஃபர்ம்வேரின் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜர் முதலில் நிற்கிறது, மின்ட் அதற்குப் பின்னால் நிற்கிறது, அவ்வளவுதான்.

லேப்டாப்பை அணைத்துவிட்டு, பவர் பட்டனை அழுத்தியதும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ, ஏசர் என்றால் பொதுவாக எஃப்12. எச்பி என்றால் எஸ்கேப் தட்டிவிட்டு எஃப்9. ஆசூஸில் எஸ்கேப், எம்எஸ்ஐயில் எஃப்11. ஏசர் லேப்டாப்களில் எஃப்12 மெனுவே பல நேரம் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய் அதை இயக்கிவிட்டு வர வேண்டும்.

வருகிற பட்டியலில் லினக்ஸ் மின்ட் என்ற பெயரைத் தேடாதீர்கள், கிடைக்காது. மின்ட் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது என்பதால் ஃபர்ம்வேரிடம் தன் பெயரை உபுண்டு என்றே பதிவுசெய்கிறது. இது தெரியாமல், மின்ட் ஏறவே இல்லை என்று முடிவுகட்டியவர்கள் நிறைய. உபுண்டுவைத் தேர்ந்தெடுத்து எண்டர் தட்டினால் க்ரப் வந்துவிடும். வந்துவிட்டதென்றால், பயாஸுக்குள் போய் பூட் ஆர்டரில் அதை விண்டோஸுக்கு மேலே ஏற்றிச் சேமித்துவிடுங்கள். எச்பியில் இந்த வரிசை ஓஎஸ் பூட் மேனேஜர் என்ற துணைப்பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும், மேலோட்டமாகப் பார்த்தால் டிஸ்க், யுஎஸ்பி என்று மட்டும்தான் தெரியும். ஏசரில் இன்னொரு தொல்லை: பயாஸில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வைத்தால்தான் செக்யூரிட்டி பக்கத்தில் யுஇஎஃப்ஐ ஃபைலை நம்பகமானதாகச் சேர்க்கும் வசதி திறக்கும். அதில் இஎஃப்ஐ ஃபோல்டர், அதற்குள் உபுண்டு, அதற்குள் ஷிம்எக்ஸ்64 என்ற ஃபைல் என்று போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். வைத்த பாஸ்வேர்டை மறந்துவிடாதீர்கள், மறந்தால் சர்வீஸ் சென்டர் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

பூட் மெனுவில் உபுண்டுவே இல்லையா? அப்போது ஒன்றைச் சந்தேகிக்கலாம். விண்டோஸ் யுஇஎஃப்ஐ முறையில் இருக்கிறது, பென்டிரைவை நீங்கள் லெகசி என்ற பழைய பயாஸ் முறையில் எழுப்பி மின்டைப் போட்டுவிட்டீர்கள். பல லேப்டாப்களில் ஒரே பென்டிரைவ் பூட் மெனுவில் இரண்டு தரம் தெரியும், ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருக்கும், இன்னொன்று மொட்டையாக இருக்கும். மொட்டையாக இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் லெகசி. விண்டோஸ் எந்த முறை என்பதை அதில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து, பயாஸ் மோடு என்ற வரியில் பார்த்துக்கொள்ளலாம். முறை மாறியிருந்தாலும் திரும்பப் போட வேண்டாம். பென்டிரைவை இந்தமுறை யுஇஎஃப்ஐ என்று இருப்பதிலிருந்து எழுப்பி, பென்டிரைவிலிருந்தே ஓடும் மின்டின் லைவ் டெஸ்க்டாப் வந்ததும் மெனு, அட்மினிஸ்ட்ரேஷன், பூட் ரிப்பேர் என்று போங்கள். இன்டர்நெட் இணைப்பு இருக்கட்டும். ரெகமண்டட் ரிப்பேர் என்று பெரிய பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் க்ரப்பை உரிய இடத்தில் அதுவே திரும்ப எழுதிவிடும். இடையில் கேட்கும் கேள்விகளுக்கு அது பரிந்துரைக்கும் விடையையே கொடுங்கள்.

இரண்டு டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. மின்டைத் தனி எஸ்எஸ்டியில் போட்டிருந்தாலும், இன்ஸ்டாலர் பல நேரம் பூட் லோடரை விண்டோஸ் இருக்கும் டிஸ்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில்தான் (பூட் லோடர்களுக்கென்றே உள்ள சின்னப் பார்ட்டிஷன்) எழுதும், நீங்கள் வேறு டிஸ்கைக் காட்டியிருந்தாலும்கூட. பிறகொரு நாள் விண்டோஸ் டிஸ்கைக் கழற்றினால் மின்டும் எழாது. அதற்கும் மருந்து இதே பூட் ரிப்பேர்தான். அதன் அட்வான்ஸ்டு பகுதியில் மின்ட் இருக்கும் டிஸ்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனைக் காட்டுங்கள். அந்த டிஸ்கில் அப்படி ஒரு பார்ட்டிஷனே இல்லையென்றால், லைவ் டெஸ்க்டாப்பில் ஜிபார்ட்டெட் திறந்து சில நூறு எம்பியில் ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்று உண்டாக்கி, அதற்கு இஎஸ்பி என்ற கொடியைப் போட்டுவிட்டு வர வேண்டும்.

நோ பூட்டபிள் டிவைஸ்

ஃபர்ம்வேர் கையை விரித்துவிட்டது என்று அர்த்தம். முதலில் பயாஸுக்குள் போய் டிஸ்க் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் இது மென்பொருள் வேலையே இல்லை. எஸ்எஸ்டி சரியாகச் செருகப்படவில்லை, அல்லது செத்துவிட்டது. தெரிந்தால், மேலே சொன்ன லெகசி, யுஇஎஃப்ஐ குழப்பத்தைப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டராக இருந்து தேதியும் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கலாம். அது போனால் பயாஸ் தன் அமைப்பை எல்லாம் மறந்து பழையபடி லெகசிக்குத் திரும்பிவிடும், நீங்கள் ஒவ்வொரு முறையும் மாற்றி மாற்றி அலுத்துப்போவீர்கள். சில்லறைக் காசில் முடிகிற வேலை.

க்ரப் ரெஸ்க்யூ

கறுப்புத் திரையில் நோ சச் பார்ட்டிஷன் என்று ஒரு வரி, கீழே க்ரப் ரெஸ்க்யூ என்று ஒரு வரி, பக்கத்தில் மினுக்கிக்கொண்டு ஒரு கர்சர். க்ரப்பின் சின்னத் துண்டு ஒன்று எழுந்துவிட்டது, மீதி இருக்க வேண்டிய பார்ட்டிஷனைக் காணோம் என்று நிற்கிறது. பெரும்பாலும் யாரோ பார்ட்டிஷனை அழித்திருப்பார்கள் அல்லது நகர்த்தியிருப்பார்கள். மின்ட் பிடிக்கவில்லை என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் அதன் பார்ட்டிஷனை அழித்தவர்களுக்கும் மறுநாள் இதே திரைதான் வரும். அவர்களுக்கு வழி எளிது. பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விட்டு, பிறகு பயாஸில் அதை முதலிடத்துக்கு ஏற்றிவிட்டால் போதும்.

மின்ட் வேண்டும் என்பவர்கள் பூட் ரிப்பேருக்குப் போகலாம். பென்டிரைவ் கையில் இல்லை, இப்போதே உள்ளே போயாக வேண்டும் என்றால், கையாலேயே வழிகாட்டலாம். நான் கீழே தமிழில் எழுதுவதை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். எல்எஸ் என்று தட்டி எண்டர் கொடுத்தால் பார்ட்டிஷன்கள் அடைப்புக்குறிக்குள் வரிசையாக வரும், எச்டி0, ஜிபிடி1 என்கிற மாதிரி. ஒவ்வொன்றையும் எல்எஸ்ஸுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, அடைப்புக்குறியோடு போட்டு, கடைசியில் சாய்கோடு ஒன்றும் சேர்த்துப் பாருங்கள். ஹோம், இடிசி, பூட் என்று ஃபோல்டர்கள் எதில் தெரிகிறதோ அதுதான் மின்ட். அது எச்டி0, ஜிபிடி2 என்று வைத்துக்கொள்வோம். அப்போது இந்த நான்கு வரிகளையும் ஒவ்வொன்றாகக் கொடுங்கள் (இன்ஸ்மாட் என்பதன் எழுத்துகள் ஐஎன்எஸ்எம்ஓடி):

செட் ரூட்=(எச்டி0,ஜிபிடி2)
செட் ப்ரிஃபிக்ஸ்=(எச்டி0,ஜிபிடி2)/பூட்/க்ரப்
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

மெனு வந்துவிடும். ஆனால் இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். உள்ளே போனதும் டெர்மினலில் க்ரப்பைத் திரும்ப நிறுவினால்தான் நிலைக்கும். அதற்கும் சோம்பலாக இருந்தால் சாவகாசமாகப் பென்டிரைவ் தேடி பூட் ரிப்பேர் ஓட்டுங்கள்.

க்ரப் வருகிறது, அப்புறம் ஒரே இருட்டு

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்களில் இது சகஜம். கெர்னலோடு வரும் திறந்த மூல டிரைவர் அந்தக் கார்டோடு ஒத்துப்போகாமல் திரை அப்படியே செத்துவிடும். மெஷின் உள்ளுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கேப்ஸ் லாக் தட்டினால் விளக்கு எரிந்து அணைவதை வைத்துச் சிலசமயம் கண்டுபிடித்துவிடலாம்.

லேப்டாப்பை மறுபடி இயக்கி க்ரப் மெனுவில் நில்லுங்கள். மெனு காட்டாமல் ஓடிவிடுகிறது என்றால் கம்பெனி லோகோ மறைந்தவுடன் எஸ்கேப்பை ஒரு தடவை தட்டுங்கள் (லெகசி முறை என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள்). மின்ட் என்ற முதல் வரியின் மேல் நின்றுகொண்டு, கீபோர்டில் ஆங்கில இ எழுத்தைத் தட்டுங்கள். பத்துப் பதினைந்து வரிகள் கொண்ட ஒரு திரை திறக்கும். மிரள வேண்டாம், லினக்ஸ் என்று தொடங்கும் வரி மட்டும்தான் நமக்கு வேண்டியது. அது நீளமாக இருப்பதால் மடிந்து இரண்டாக, மூன்றாகத் தெரியும். அதன் கடைசிப் பக்கம் குவையட் ஸ்ப்ளாஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கும். கர்சரை நகர்த்திப் போய் அவற்றுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, நோ, மோடு, செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் ஒட்டி நோமோட்செட் என்று ஒரே சொல்லாக அடியுங்கள். பிறகு எஃப்10 தட்டினால் அந்த அமைப்போடு எழும். நீங்கள் செய்த மாற்றம் இந்த ஒரு முறைக்குத்தான், தப்பாக அடித்துவிட்டால்கூட ஒன்றும் கெட்டுப்போகாது, அணைத்துவிட்டு வந்தால் பழையபடி இருக்கும்.

திரை கொஞ்சம் மங்கலாக, எழுத்துகள் பெரிதாகத் தெரியலாம். பரவாயில்லை. உள்ளே போய் டிரைவர் மேனேஜரைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்ட என்விடியா டிரைவரைத் தேர்ந்தெடுத்து நிறுவி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்குப் பிறகு நோமோட்செட் தேவைப்படாது. சிலர் அதை நிரந்தரமாகவே போட்டு வைத்துவிடுகிறார்கள், டிரைவர் ஏறியபின் அது இடைஞ்சல்தான். லைவ் பென்டிரைவே கறுப்பாகத் தொங்கினால், அதன் தொடக்க மெனுவில் கம்பாடிபிலிட்டி மோடு என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, டிரைவர் போட்டீர்கள், ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை ஒன்று வந்து, எம்ஓகே மேனேஜ்மென்ட்டுக்கு ஏதாவது ஒரு விசையைத் தட்டு என்று பத்திலிருந்து கீழே எண்ணும். விண்டோஸின் நீலத் திரை போலிருக்கிறதே என்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தால் எண்ணி முடித்துத் தானாக ஓடிவிடும், டிரைவர் வேலை செய்யாது, எதனால் என்றும் தெரியாது. செக்யூர் பூட் இயங்கும்போது டிஜிட்டல் கையெழுத்தில்லாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடாது. அந்தக் கையெழுத்துக்கான சாவியை நீங்கள்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் டிரைவர் நிறுவும்போது (அல்லது இன்ஸ்டாலிலேயே மல்டிமீடியா கோடெக் போடும்போது) ஒரு பாஸ்வேர்டு கேட்டது. நீலத் திரையில் உடனே ஒரு விசையைத் தட்டி, என்ரோல் எம்ஓகே, கன்டின்யூ, யெஸ் என்று போய் அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்து ரீபூட் செய்யுங்கள். தவறவிட்டிருந்தால் டிரைவரை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுபடி கேட்கும். இதெல்லாம் வேண்டாம் என்று செக்யூர் பூட்டையே அணைத்துவிடுகிறவர்களும் உண்டு. வீட்டு லேப்டாப்புக்கு அதில் பெரிய குற்றமில்லை என்பது என் எண்ணம், ஆனால் பிட்லாக்கர் கீ கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

செக்யூர் பூட்டோடு சேர்ந்த இன்னொரு செய்தி: எஸ்பாட் செல்ஃப் செக் ஃபெயில்டு. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, பழைய லினக்ஸ் பூட் லோடர்களை நம்பாதே என்று ஃபர்ம்வேரில் எழுதிவிட்டுப் போனது. நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த மின்ட் மறுநாள் எழவில்லை. பழைய ஐஎஸ்ஓவில் (தளத்திலிருந்து இறக்கும் மின்ட் ஃபைல்) செய்த பென்டிரைவிலும் இதே செய்தி வரும், அப்படியானால் புது ஐஎஸ்ஓ இறக்கிப் பென்டிரைவைத் திரும்பச் செய்வதுதான் வழி. ஏற்கெனவே போட்ட மின்ட் என்றால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து உள்ளே போய், எல்லா அப்டேட்டையும் போட்டுவிட்டு மறுபடி இயக்கிப் பாருங்கள்.

எழும்போது ஏசிபிஐ எரர் என்று நான்கைந்து வரிகள் ஓடி, அப்புறம் ஒழுங்காக லாகின் திரை வருகிறதா? விட்டுவிடுங்கள். லேப்டாப் கம்பெனி தன் ஃபர்ம்வேரை அரைகுறையாக எழுதியதைக் கெர்னல் குறை சொல்லிக்கொண்டு போகிறது, நமக்கு அதில் வேலையில்லை.

இன்னிட்ராம்எஃப்எஸ் என்று நிற்கிறது

அடைப்புக்குறிக்குள் இந்தப் பெயரோடு கர்சர் நின்றால், மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே-யைக் கையால் ஓட்டு என்று ஒரு வரியும், அதோடு டெவ், எஸ்டிஏ2 என்பதுபோல ஒரு பார்ட்டிஷன் பெயரும் இருக்கும். கரன்ட் போய், அல்லது பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்ததால், ஃபைல் சிஸ்டத்தில் கணக்கு இடிக்கிறது. எஃப்எஸ்சிகே என்று தட்டி, இடைவெளி விட்டு, சிறு கோடும் ஒய் எழுத்தும் போட்டு, மறுபடி இடைவெளி விட்டு, அப்புறம் திரையில் இருந்த அந்தப் பெயரை அப்படியே தட்டுங்கள். முடிந்ததும் எக்ஸிட் கொடுத்தால் மேலே நகரும். இது ஒரு தடவை வந்தால் பரவாயில்லை. அடிக்கடி வந்தால் டிஸ்க் போகப்போகிறது. உள்ளே போய் டிஸ்க்ஸ் செயலியில் ஸ்மார்ட் என்ற டிஸ்க் ஆரோக்கிய விவரத்தைப் பார்த்துவிட்டு, அன்றே முக்கியமானதை வேறிடத்துக்கு நகலெடுங்கள்.

இப்போது விண்டோஸ் வரவில்லை

க்ரப் மெனுவில் விண்டோஸ் காணவில்லை என்றால், மின்ட் டெர்மினலில் சூடோ அப்டேட்-க்ரப் என்ற கட்டளையைக் (சூடோவின் எழுத்துகள் எஸ்யுடிஓ) கொடுத்தாலே பெரும்பாலும் தேடிச் சேர்த்துக்கொள்ளும். அப்படியும் வராவிட்டால் பூட் மெனுவிலிருந்து நேராக எழுப்பிப் பாருங்கள். அங்கே எழுந்தால் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ் என்று நீலத் திரை வந்தால் கதை வேறு. மின்ட் இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியாமல், டிஸ்கோடு பேசும் முறையை பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டியிலிருந்து ஏஎச்சிஐ என்று மாற்றியிருப்பீர்கள். விண்டோஸுக்கு அது தெரியாது, பழைய டிரைவரையே தேடிக்கொண்டு விழுகிறது. பயாஸில் பழையபடி ஆர்எஸ்டிக்கு மாற்றி விண்டோஸுக்குள் போங்கள். எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட்டை டிக் செய்து (பிட்லாக்கர் இருந்தால் அதை சஸ்பெண்ட் செய்துவிட்டு) ரீஸ்டார்ட் கொடுங்கள். எழும் வழியிலேயே பயாஸுக்குள் புகுந்து ஏஎச்சிஐ ஆக்குங்கள். சேஃப் மோடில் எழும்போது விண்டோஸ் ஏஎச்சிஐ டிரைவரைத் தானாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு அந்த டிக்கை எடுத்துவிடலாம். வரிசை முக்கியம், சேஃப் பூட் முதலில், பயாஸ் பிறகு.

விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விட்டது என்று இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் கேட்பார்கள். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. மின்டில் டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று ஒரு கட்டளை போதும்.

திரும்ப இன்ஸ்டால் செய்தே தீர வேண்டிய நிலையும் உண்டு. ஃபைல்களை நகலெடுக்கும்போது இன்புட் அவுட்புட் எரர் வந்து நடுவில் நின்றுபோன இன்ஸ்டால் என்றால், அதை ஒட்டுப்போட்டுப் பயனில்லை. ஆனால் அப்போதும் அதே பென்டிரைவை வைத்துத் திரும்பத் தொடங்காதீர்கள். அதன் தொடக்க மெனுவிலேயே மீடியத்தைச் சோதிக்கும் வசதி இருக்கிறது, அதை ஓட்டுங்கள். தேறவில்லை என்றால் ஐஎஸ்ஓவைத் திரும்ப இறக்கி, ஃபைல் சிதையாமல் இறங்கியதா என்று காட்ட மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வேறொரு பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவ் தேறியும் அதே பிழை வந்தால் சந்தேகப்பட வேண்டியது டிஸ்கை; புது எஸ்எஸ்டி வாங்கிப் போட்டபின் இன்ஸ்டால் செய்துகொள்ளலாம்.